முன்பல்தானே என்று திறந்துவிடாதீர்கள்: விசித்திர உள்ளமைப்புள்ள முன்பற்களில் வேர் சிகிச்சை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பல்லில் வேர் சிகிச்சை எளிது என்ற எண்ணம் பல் மருத்துவம் படிக்கும்போதே மனதில் பதிந்துவிடுகிறது. ஒரு வேர், ஒரு குழாய், அதுவும் நேராக இருக்கும். கை எட்டும், கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். மாணவர்கள் முதல் ரூட் கேனாலை, அதாவது வேர் சிகிச்சையை, பெரும்பாலும் மேல்தாடையின் நடு வெட்டுப்பல்லில் கற்றுக்கொள்வதும் அதனால்தான். பெரும்பாலான முன்பற்களில் இந்த எண்ணம் பொய்ப்பதும் இல்லை. ஆனால் வரிசையாக இருபது பற்களில் பலித்த பழக்கம், இருபத்தோராவது பல்லை உற்றுப் பார்க்க விடாமல் செய்துவிடும்.

மறுசிகிச்சைக்கு வரும் முன்பற்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவற்றில் கை நுட்பம் போதாமல் கெட்டுப்போனவை குறைவு. இந்தப் பல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே துளையிடப்பட்டவைதான் அதிகம். இளம் மருத்துவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முன்பல்லில் ஒருமுறை சிகிச்சை செய்தும் ஏன் மறுபடி வீங்குகிறது என்று குழம்பி நிற்பவர்களுக்கும் இதில் விடை கிடைக்கலாம்.

ஒன்றிரண்டு அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன். பல்லின் நடுவில் ரத்த நாளமும் நரம்பும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. தலைப்பகுதியில் அது ஓர் அறையாகவும், வேரில் குழாயாகவும் அமைந்திருக்கும். பற்கூழ் அழுகினால் கிருமிகள் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கி, இடைவெளி இல்லாமல் அடைப்பதுதான் வேர் சிகிச்சை. இதில் ஒரு குழாயைத் தவறவிட்டாலும் அதற்குள் தங்கிய கிருமி தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். முன்பல்லிலும் இதே கதைதான்.

ஒரே எக்ஸ்ரேயை நம்புவது

எக்ஸ்ரே என்பது நிழல். முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு குழாய்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். முன்பற்களில் இரண்டாவது குழாய் இருந்தால் அது பெரும்பாலும் நாக்குப் பக்கம்தான் ஒளிந்திருக்கும். அதனால் நேராக எடுத்த ஒரு படம் அதைக் காட்டிக்கொடுக்காது. எக்ஸ்ரே குழலைச் சுமார் 20 டிகிரி பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால் இரண்டும் பிரிந்து தெரியும். நாக்குப் பக்கம் இருப்பது குழல் நகர்ந்த திசையிலும், உதட்டுப் பக்கம் இருப்பது அதற்கு எதிர்த்திசையிலும் நகரும். கிளார்க் என்பவர் இந்த விதியை 1910இல் சொன்னார். இதற்குப் புது இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவிட்டால் போதும். இருந்தும் முன்பல் என்றால் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை.

படத்தில் வேறு சில குறிப்புகளும் இருக்கும். மேலே தெளிவாகத் தெரிந்த குழாய் வேரின் நடுவில் திடீரென்று மங்கினால் அங்கே அது இரண்டாகப் பிரிகிறது என்று சந்தேகப்படுங்கள். குழாயின் கோடு வேரின் மையத்தில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மறுபக்கம் இன்னொன்று இருக்கலாம். வேரின் ஓரக்கோடு ஒற்றையாக இல்லாமல் இரட்டையாகத் தெரிந்தால் வேரில் பள்ளமோ இரண்டாவது வேரோ இருக்கக்கூடும்.

நிழல் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். மேல் நடு வெட்டுப்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் நரம்பும் ரத்த நாளமும் வெளிவரும் இயற்கையான துவாரம் ஒன்று உண்டு. அது வேர் நுனியின்மேல் விழுந்தால் சீழ்க்கட்டி போலவே தோன்றும். கோணம் மாற்றி எடுத்தால் நுனியை விட்டு விலகிவிடும். கீழ் முன்பற்களின் நுனியில் எலும்பும், வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்ட்டமும் மாறி வளரும் ஒரு நிலை இருக்கிறது. ஆரம்பத்தில் அதுவும் கறுப்பு வட்டமாகவே தெரியும். அந்தப் பற்களின் பற்கூழ் முழு ஆரோக்கியத்துடன் இருக்கும், சிகிச்சையே தேவைப்படாது. இதைச் சீழ் என்று நினைத்து வரிசையாக நான்கு நல்ல பற்களைத் திறந்துவிட்டால் திருத்திக்கொள்ள வழியில்லை. அதனால்தான் படத்தில் என்ன தெரிந்தாலும் பற்கூழ் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் குளிர் சோதனையும் மின்சோதனையும் செய்யாமல் பல்லைத் திறக்கக் கூடாது என்கிறேன். சந்தேகப்படும் பல்லை மட்டும் சோதித்தால் போதாது. பக்கத்துப் பல்லையும் எதிர்ப்பக்கத்து இணைப்பல்லையும் சோதித்து ஒப்பிடுங்கள்.

அமைப்பு வழக்கமானது இல்லை என்ற சந்தேகம் வந்துவிட்டால், சிறு பரப்பை மட்டும் எடுக்கும் சிபிசிடி முப்பரிமாணப் படம் தேவை. அமெரிக்க எண்டோடான்டிஸ்ட்கள் (வேர் சிகிச்சை நிபுணர்கள்) சங்கமும் அந்நாட்டின் வாய், தாடைக் கதிரியக்கச் சங்கமும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், கூடுதல் குழாய் இருக்க வாய்ப்புள்ள பற்களுக்கும் பிறவி அமைப்பு மாறிய பற்களுக்கும் இதையே முதல் தேர்வாகக் கருதச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் கீழ் முன்பற்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. எல்லோருக்கும் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கதிர்வீச்சுக்குக் காரணம் வேண்டும். ஆனால் காரணம் கண்முன்னே இருந்தும் எடுக்காமல் குருட்டாம்போக்கில் துளையிடுவது அதைவிடப் பெரிய தீங்கு.

பல்லுக்குள் பல்

விசித்திர அமைப்புகளிலேயே அதிகம் குழப்புவதும், அதிகம் கெடுக்கப்படுவதும் டென்ஸ் இன்வேஜினேட்டஸ் என்ற நிலைதான். பல் உருவாகும்போதே அதன் மேற்புறம் உள்ளே மடிந்துபோகிறது. சட்டையின் கையை உள்பக்கமாகத் தள்ளிவிட்டது போல பல்லின் மேல் ஓடான எனாமலும் அதற்கு அடியில் உள்ள டென்டினும் பல்லின் உள்ளே ஒரு பையாக இறங்கிவிடும். எக்ஸ்ரேயில் பல்லுக்குள் குட்டிப் பல் ஒன்று உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். மேல்தாடையின் பக்க வெட்டுப்பல்லில்தான் இது அதிகம்.

ஓஹ்லர்ஸ் 1957இல் செய்த வகைப்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். முதல் வகையில் மடிப்பு தலைப்பகுதியோடு நின்றுவிடும். இரண்டாம் வகையில் அது வேருக்குள் இறங்கி, முட்டுச்சந்து போல மூடிய பையாக முடியும். மூன்றாம் வகையில் வேரை முழுக்க ஊடுருவிப் பக்கவாட்டிலோ நுனியிலோ வெளியே திறந்துகொள்ளும். அதாவது பற்கூழுக்கு ஒரு வாயில் இருக்க, மடிப்புக்குத் தனியாக இன்னொரு வாயில் இருக்கும். பெரும்பாலும் இரண்டுக்கும் இடையே தொடர்பு இருக்காது.

வெளியிலிருந்தே இதை ஊகிக்க முடியும். பல்லின் அண்ணப் பக்கம் ஆழமான ஒரு குழி இருக்கும். பல் கூம்பு வடிவத்திலோ பீப்பாய் போலவோ, இணைப்பல்லைவிட அகலமாகவோ இருக்கும். சொத்தையோ அடிபட்ட வரலாறோ இல்லாத இளவயதுப் பல் சீழ் பிடித்து வந்தால் இதைத்தான் நான் முதலில் தேடுவேன். அந்தக் குழிக்குள் தூரிகை நுழையாது. உணவும் கிருமியும் தங்கும். மடிப்பை மூடியிருக்கும் எனாமல் சில இடங்களில் மெல்லியதாக இருக்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. அந்த இடைவெளிகளின் வழியே கிருமி பற்கூழை எட்டிவிடுகிறது. பல் முளைத்த சில வருடங்களிலேயே, வேர் வளர்ந்து முடிவதற்கு முன்பே பற்கூழ் செத்துவிடலாம்.

இந்தப் பல்லில் நடக்கும் முதல் தவறு, மடிப்பையே பற்கூழ் அறை என்று எண்ணி அதற்குள் இறங்குவது. அண்ணப் பக்கக் குழியில் துளையிட்டால் ஃபைல் என்ற மெல்லிய சுரண்டு கம்பி சுலபமாக உள்ளே போகும். குழாய் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, அளவெடுத்து, சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். உண்மையான பற்கூழோ அந்த மடிப்பைச் சுற்றி வளையமாகவோ பிறை வடிவிலோ அழுகியபடி கிடக்கும். படத்தில் வெள்ளைக் கோடு அழகாக இருக்கும், வீக்கம் மட்டும் குறையாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. அதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. மூன்றாம் வகையில் மடிப்புக்குள் மட்டும் கிருமி பெருகி, அதன் தனி வாயில் வழியாக எலும்பில் சீழ் கட்டியிருக்கும். பற்கூழோ உயிரோடு இருக்கும். குளிர் வைத்தால் நோயாளி சட்டென்று உணர்வார். எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டம், சோதனையிலோ உயிருள்ள பல். இந்த முரண்பாட்டைக் கண்டதும் சோதனைதான் தப்பு என்று முடிவு செய்து நல்ல பற்கூழைப் பிடுங்கிவிடுகிறார்கள். இரண்டு தகவலும் உண்மை என்று எடுத்துக்கொண்டால் விடை தானே கிடைக்கும். மடிப்பை மட்டும் தனிக் குழாயாகக் கருதிச் சுத்தம் செய்து அடைத்துவிட்டு, பற்கூழைத் தொடாமல் விட்டுவிடலாம். வேர் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் இந்தப் பற்கூழ் பிழைத்தால் வேர்ச்சுவர் தடித்து, நுனி தானாக மூடிக்கொள்ளும். பிடுங்கிவிட்டால் மெலிந்த சுவரும் திறந்த நுனியுமாக, வாழ்நாள் முழுக்க உடையும் பயத்தோடு அந்தப் பல் நிற்கும்.

மூன்றாவது தவறு, மடிப்பை ஃபைலால் மட்டுமே சுத்தம் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை. அதன் உட்சுவர் எனாமல். சாதாரண ஃபைல் அதைச் சுரண்டாது. வடிவமும் வட்டமாக இருக்காது, நடுவில் உப்பியும் அடியில் குறுகியும் கிடக்கும். கிருமி நீக்கும் ஹைப்போகுளோரைட் கரைசலை நிறையப் பயன்படுத்தி, அல்ட்ராசோனிக் முனையால் அதிர்வூட்டி, இரண்டு அமர்வுகளுக்கு இடையே கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்துக் கிருமியைக் குறைக்க வேண்டும். அடைக்கும்போதும் ஒற்றைக் கட்டா பெர்ச்சா (ரப்பர் போன்ற அடைப்புப் பொருள்) குச்சியைச் செருகி முடித்துவிட முடியாது. சூடாக்கி இளக்கிய கட்டா பெர்ச்சாவோ எம்டிஏ போன்ற சிமென்ட்டோதான் மூலை முடுக்கெல்லாம் போகும். நீளம் அளக்கும் அப்பெக்ஸ் லொகேட்டர் இங்கே தவறாகக் காட்டக்கூடும், எனவே அந்த அளவைப் படத்தோடு ஒத்துப்பாருங்கள். மடிப்பும் பற்கூழும் இரண்டுமே கெட்டிருந்தால் நுண்ணோக்கியின் கீழ் மடிப்பையே முழுதாக அகற்றி ஒரே இடமாக்குவதும் ஒரு வழி. சுவர் எவ்வளவு மிஞ்சும் என்பதை முப்பரிமாணப் படத்தில் பார்த்த பிறகே அதில் இறங்க வேண்டும்.

இந்த அனுபவம் இல்லாதவர் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாமே என்று எடுத்துக்கொள்ளாமல் எண்டோடான்டிஸ்டிடம் அனுப்புவதே நேர்மை. முதல் முயற்சியில் கெட்ட பல்லை இரண்டாவது முறை மீட்பது பல மடங்கு கடினம்.

கீழ் வெட்டுப்பல்லில் ஒன்றோடு நிறுத்துவது

கீழ் முன்பல் வாயிலேயே சிறிய பல். அதனாலேயே அதற்குள் ஒரு குழாய்க்கு மேல் எப்படி இருக்கும் என்று தோன்றும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியும், அதன் வேர் பட்டையானது. இடவலமாக மிகக் குறுகல், உதட்டிலிருந்து நாக்கு நோக்கி நல்ல அகலம். அந்த அகலத்தில் இரண்டு குழாய்கள் தாராளமாக அமையும். 1974இல் பெஞ்சமின், டவ்சன் என்ற இருவர் 364 கீழ் வெட்டுப்பற்களை ஆராய்ந்ததில் 41.4 சதவீதத்தில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஆனால் நுனியில் தனித்தனி வாயிலோடு முடிந்தவை 1.3 சதவீதம் மட்டுமே, மற்றவை கீழே போய் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

இந்த இரண்டாவது எண்ணைக் காட்டி, எப்படியும் ஒன்றாகச் சேரப்போகிற குழாயை விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. என் ஆரம்ப காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கீழ் வெட்டுப்பல்லை ஒரே குழாயாக முடித்தேன், படமும் நன்றாகவே இருந்தது. சில மாதம் கழித்து அதே நோயாளி ஈறில் சீழ்க் கொப்புளத்தோடு வந்தார். மறுபடி திறந்து, துளையை நாக்குப் பக்கம் கொஞ்சம் நீட்டியபோது, டென்டின் விளிம்புக்கு அடியில் இன்னொரு வாய் தெரிந்தது. உள்ளே போன பேப்பர் பாயின்ட் (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சி) நாற்றத்தோடு வெளியே வந்தது. இரண்டும் நுனிக்கு அருகே சேர்ந்தாலும், சேரும் வரைக்கும் உள்ள நீளம் முழுக்கக் கிருமிக்கு இடம்தான் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அந்த நோயாளி இரண்டாம் முறை ஊசி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்ததற்குக் காரணம் என் அவசரம். அதற்குப் பிறகு கீழ் முன்பல்லில் இரண்டாவது குழாயைத் தேடாமல் நான் அடைத்ததில்லை.

தேடும் முறை கடினமானதில்லை. நாக்குப் பக்கச் சரிவில் கீழே தள்ளித் துளையிட்டால் ஃபைல் சாய்ந்து உதட்டுப் பக்கக் குழாய்க்குள்தான் போகும். நாக்குப் பக்கக் குழாயை மறைத்துக்கொண்டு ஒரு டென்டின் திட்டு நிற்கும். திறப்பை வெட்டு விளிம்பை நோக்கி உயர்த்தி, அந்தத் திட்டை அகற்றிய பிறகு, 8 அல்லது 10 எண் ஃபைலின் நுனியை லேசாக வளைத்து நாக்குப் பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். இன்னொரு வாய் இருந்தால் ஃபைல் பிடித்துக்கொள்ளும். எச்சரிக்கை ஒன்றும் உண்டு. திறப்பை நாக்குக்கும் உதட்டுக்கும் இடையே நீளவாக்கில் விரியுங்கள், பக்கவாட்டில் விரிக்க வேண்டாம். அந்தத் திசையில் வேர் சில மில்லிமீட்டர்தான். பெரிய ஃபைலைப் போட்டுச் சுரண்டினால் சுவர் கிழிந்துவிடும்.

கீழ்க் கோரைப்பல்லிலும் சில சமயம் இரண்டு குழாய்கள், அரிதாக இரண்டு வேர்களே இருக்கும். மேல் கோரைப்பல்லில் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, நீளத்தில். வாயிலேயே நீளமான பல் அது, சராசரியாக 26 மில்லிமீட்டருக்கு மேல். கையில் இருக்கும் 25 மில்லிமீட்டர் ஃபைல் நுனியைத் தொடாமலே நிற்கும், தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். 31 மில்லிமீட்டர் ஃபைல் எதற்காக விற்கிறார்கள் என்பது இந்தப் பல்லில்தான் புரியும்.

மூடிப்போன குழாயைத் தேடித் துளைப்பது

வெகுநாள் முன்பு அடிபட்ட முன்பல்லில் குழாய் சுருங்கிச் சுருங்கி எக்ஸ்ரேயில் காணாமலே போகலாம். பல் மஞ்சளாக மாறும். இங்கே முதல் தவறு, தேவையில்லாமல் சிகிச்சையை ஆரம்பிப்பது. குழாய் மூடிக்கொள்வது நோய் இல்லை, பற்கூழ் உயிரோடு இருந்ததால்தான் டென்டின் படிந்து மூடியது. வலியோ வீக்கமோ நுனியில் கறுப்போ இல்லையென்றால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவந்தால் போதும். நிறத்துக்காக என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. குளிர் சோதனைக்கு மட்டும் இத்தகைய பல் சரியாகப் பதில் சொல்லாது, அதை வைத்துப் பல் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

உண்மையிலேயே சிகிச்சை தேவைப்படும்போது நடக்கும் விபத்து கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரிதான். அண்ணப் பக்கத்திலிருந்து சாய்வாக ஆரம்பித்த பர் (துளைக்கும் முனை), சரியான ஆழத்தில் பல்லின் அச்சுக்குத் திரும்பாமல் அதே சாய்வில் போய், ஈறுக்கு அடியில் உதட்டுப் பக்கச் சுவரை உடைத்து வெளியே வரும். எனாமலைத் தாண்டியதும் பர் பல்லின் நீளவாட்டத்துக்குத் திரும்ப வேண்டும். கிராஸ்னர், ரான்கோ இருவரும் 500 பற்களை வெட்டிப் பார்த்து 2004இல் வெளியிட்ட விதிகளில் ஒன்று இங்கே கைகொடுக்கும்: எனாமலும் சிமென்ட்டமும் சந்திக்கும் மட்டத்தில் பற்கூழ் அறை எப்போதும் பல்லின் நடு மையத்தில்தான் இருக்கும். அந்த மையத்தை விட்டு விலகாதீர்கள். கிரவுன் (உறை) போட்ட பல்லில் இன்னும் கவனம் தேவை. கிரவுனின் சாய்வும் வேரின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, அதைப் பார்த்து வழி பிடித்தால் தடம் மாறும். எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் டேம் விரிப்பை அந்த ஒரு பல்லில் மட்டும் மாட்டாமல் பக்கத்துப் பற்களையும் சேர்த்து மாட்டினால் பல் வரிசையின் வாட்டம் கண்ணில் படும். இரண்டு மில்லிமீட்டர் போனதும் நிறுத்தி, ஒரு படம் எடுத்துத் திசையைச் சரிபாருங்கள். குழாய் மேலிருந்து கீழாக மூடிக்கொண்டே போவது வழக்கம், ஆதலால் வேரின் அடிப்பாதியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதுவரை பொறுமையாகப் போக முடிந்தால் போதும். முப்பரிமாணப் படத்தை வைத்து வழிகாட்டி அச்சு செய்து துளையிடும் முறையும் இப்போது வந்துவிட்டது, ஆழமாக மூடிய குழாய்களுக்கு அது நல்ல துணை.

மேல் பக்க வெட்டுப்பல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் வேர்நுனி பெரும்பாலும் கோரைப்பல் பக்கமும் அண்ணத்தை நோக்கியும் வளைந்திருக்கும். அண்ணத்தை நோக்கிய வளைவு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. நேர் ஃபைலை அழுத்தித் தள்ளினால் வளைவில் படி உண்டாகும், பிறகு எந்த ஃபைலும் அந்தப் படியைத் தாண்டாது.

பள்ளம் இருக்கும் பல்லுக்கு ரூட் கேனால் மட்டும் போதாது

அதே பக்க வெட்டுப்பல்லின் அண்ணப் பக்கத்தில் சிலருக்கு ஒரு பள்ளம் ஆரம்பித்து, ஈறுக்குள் நுழைந்து வேரின் மேல் ஓடும். சிலருக்கு நுனி வரைக்கும்கூட. அது கிருமிக்கு வாய்க்கால். பல் முழுக்க ஈறு நன்றாக ஒட்டியிருக்க, அந்த ஒரே இடத்தில் மட்டும் ஈறின் ஆழத்தை அளக்கும் கம்பி சடாரென்று ஆழமாக இறங்கினால் பள்ளத்தைச் சந்தேகியுங்கள். வேரில் விரிசல் விட்டிருந்தாலும் இப்படித்தான் இறங்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் விரிசல் என்று சொல்லிப் பல்லை எடுத்துவிடுவது ஒரு தவறு. பள்ளத்தைக் கவனிக்காமல் வேர் சிகிச்சையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது இன்னொரு தவறு. பள்ளத்தைத் திறந்து, சுத்தம் செய்து, மூடாதவரை உள்ளே எவ்வளவு நேர்த்தியாக அடைத்தாலும் சீழ் வந்துகொண்டேயிருக்கும்.

இரண்டு பல் ஒட்டி வளர்ந்தாலோ, ஒரு பல் இரண்டாகப் பிரிய முயன்று பாதியில் நின்றாலோ முதலில் வரிசையில் உள்ள பற்களை எண்ணுங்கள். அகலமான பல்லை ஒன்றாகக் கணக்கிட்டு ஒரு பல் குறைந்தால் ஒட்டியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் உள்ளே இரண்டு குழாய்களை எதிர்பார்க்க வேண்டும், அவை நடுவில் இணைந்தும் இருக்கலாம். அண்ணப் பக்கம் கழுகு நகம் போல நீட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் முனையை ஒரே நாளில் தேய்த்துவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த முனைக்குள் பற்கூழின் கொம்பு ஏறியிருக்கக்கூடும். சில வார இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் உள்ளே புது டென்டின் படிய நேரம் கிடைக்கும்.

நுனி மூடாத வேர்

சிறுவயதில் விழுந்து அடிபட்டோ, மேலே சொன்ன மடிப்பினாலோ பற்கூழ் செத்தால் வேர் பாதியில் நின்றுவிடும். குழாய் அகலமாக, நுனி புனல் போலத் திறந்திருக்கும். இங்கே வழக்கமான முறைகள் எல்லாமே ஆபத்து. சுவர் ஏற்கெனவே மெல்லியது, ஃபைலால் சுரண்டினால் இன்னும் மெலியும். நுனியில் தடுப்பு இல்லாததால் கட்டா பெர்ச்சா வெளியே தள்ளிக்கொண்டு போகும். எல்லாவற்றையும்விட, ஹைப்போகுளோரைட் திசுவுக்குள் போய்விட்டால் முகம் சில நிமிடங்களில் வீங்கிக் கன்றிவிடும், நோயாளி வலியில் துடிப்பார். நுனி அடைத்துப் பக்கவாட்டில் துளையுள்ள ஊசி, குறைந்த அடர்த்திக் கரைசல், ஊசி எங்கேயும் இறுகாமல் நுனிக்குச் சில மில்லிமீட்டர் மேலேயே இருப்பது, மெதுவான அழுத்தம் ஆகியவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது. மூடிய நுனியுள்ள பல்லிலும் ஊசியை இறுக்கி அழுத்தக் கூடாது, திறந்த நுனியில் அந்தத் தவறுக்கு மன்னிப்பே கிடையாது.

முன்பு கால்சியம் ஹைட்ராக்சைடை மாதக்கணக்கில் உள்ளே வைத்து நுனியில் தடுப்பு உருவாகக் காத்திருப்பார்கள். அதை நீண்ட காலம் வைத்தால் டென்டின் வலுவிழக்கிறது என்று ஆண்ட்ரியாசன் குழுவினர் 2002இல் செம்மறியாட்டுப் பற்களில் காட்டினார்கள். சில வாரங்களுக்குள் கிருமியைக் கட்டுப்படுத்திவிட்டு, எம்டிஏ போன்ற சிமென்ட்டால் நுனியில் 4 அல்லது 5 மில்லிமீட்டருக்கு அடைப்பு வைப்பது இன்றைய வழக்கம். பொருத்தமான பற்களில் நுனியிலிருந்து ரத்தத்தை உள்ளே வரவழைத்துத் திசுவை மறுபடி வளரவிடும் முறையும் இருக்கிறது.

ஆனால் இது முன்பல், சிரித்தால் தெரியும். பிஸ்மத் ஆக்சைடு கலந்த எம்டிஏ ஹைப்போகுளோரைட்டைத் தொட்டால் கறுக்கும், மினோசைக்ளின் கலந்த மருந்துக் கலவையும் பல்லைச் சாம்பல் நிறமாக்கும். எலும்பு ஆறிவிட்டது என்று மருத்துவர் மகிழ்ந்திருக்க, நோயாளி சிரிப்பதையே நிறுத்தியிருப்பார். சிர்கோனியம் ஆக்சைடு கலந்த சிமென்ட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. சாதாரண முன்பல் சிகிச்சையிலும் பற்கூழின் கொம்புகளைச் சுத்தம் செய்யாமல் விடுவதும், கட்டா பெர்ச்சாவை ஈறு மட்டத்துக்குக் கீழே வெட்டாமல் தலைப்பகுதியிலேயே விடுவதும்தான் பிறகு வரும் கறுப்புக்கு முக்கியக் காரணம். கடைசிப் பத்து நிமிடத்தில் செய்யும் அவசரம் பத்து வருடம் கண்ணாடியில் தெரியும்.

சிகிச்சை முடிந்த பிறகு

வலி போய்விட்டால் நோயாளி வருவதில்லை, மருத்துவரும் கூப்பிடுவதில்லை. விசித்திர அமைப்புள்ள பல்லில் இதை அனுமதிக்கவே கூடாது. எங்கேயோ ஒரு மூலையில் கிருமி மிச்சமிருக்கும் வாய்ப்பு இந்தப் பற்களில் அதிகம். குறைந்தது ஒரு வருடத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும், கறுப்பு முழுதாக மறையாவிட்டால் நான்கு வருடம் வரை தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோடான்டாலஜி சங்கம் வழிகாட்டுகிறது. பெரிய கட்டி மெதுவாகத்தான் ஆறும். சுருங்கிவருகிறது என்றால் பொறுத்திருக்கலாம். அவசரப்பட்டு அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டாம். அப்படியே நின்றாலோ பெருகினாலோ தவறவிட்ட குழாயைத் தேடிப் படத்தை மறுபடி விரித்துப் பாருங்கள்.

நோயாளியாக இதைப் படிப்பவர் தன் பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் பெரிய உதவி. இரண்டு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரிகிற மாற்றம் வேறு எந்தச் சோதனையிலும் தெரியாது.

அப்புறம், பல்லுக்குள் பல் இருந்த ஒருவருக்குச் சிகிச்சை முடித்து அனுப்பும் முன் எதிர்ப்பக்கத்துப் பக்க வெட்டுப்பல்லைப் பாருங்கள். இந்த அமைப்பு இரண்டு பக்கமும் இருப்பது சாதாரணம். அங்கேயும் அண்ணப் பக்கம் குழி இருந்து, பற்கூழ் உயிரோடு இருந்தால், சுத்தம் செய்து அந்தக் குழியைப் பல் நிற அடைப்பான காம்போசிட்டால் அடைத்துவிடலாம். மரத்துப்போக ஊசிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.